ஊசிமேட்டில் யாரும் இல்லை

பட்டியல் வந்த மறுநாள் காலையில் கரட்டுப்பட்டி எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. அதற்கு மேற்கே நடுவலூரும் வந்திருந்தது, கோயில், ஊருணி, ரேஷன் கடை, ஊருணிக் கரையில் காயப்போட்டிருந்த சேலைகள் எல்லாவற்றோடும். வந்த அலுப்பில் தெருநாய்கள் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூங்கின. ஆவரம்பேட்டைக்காரர்களாகிய நாங்கள் பல் துலக்கிக்கொண்டே போய் எட்டிப் பார்த்தோம். என்றைக்காவது வரும் என்று தெரிந்ததுதான், இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். டீக்கடைக்காரர் கூடுதலாக ஒரு கேன் பாலுக்குச் சொல்லி அனுப்பினார்.

விஷயம் இதுதான். பத்து வருஷத்துக்கு ஒருமுறை தலைகளை எண்ணுகிற அரசாங்கம், எண்ணி முடித்தபின் ஊர்களைக் கீரைக்கட்டு மாதிரி கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கட்டும். ஐயாயிரம் தலை தேறி, வீடுகளும் நெருங்கியிருந்து, ஆண்களில் முக்கால்வாசிப் பேர் காட்டுவேலையைக் கைகழுவியிருந்தால், கிராமமாகவே இருந்தாலும் அது நகரம் என்று எழுதுவார்கள். அப்படிப்பட்ட ஊர்கள் ஒரு பெரிய ஊரை ஒட்டியிருந்தால் எல்லாவற்றையும் கூட்டி ஒரே நகர்த்திரள் என்று பெயர் சூட்டுவார்கள். லட்சத்தைத் தாண்டினால் முதல் வகுப்பு, ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் இரண்டாம் வகுப்பு. ஆவரம்பேட்டை தலைமுறை தலைமுறையாக மூன்றாம் வகுப்பிலேயே ஃபெயிலாகி உட்கார்ந்திருந்த ஊர், அதனால் பக்கத்து ஊர்த் தலைகளையும் சேர்த்துக்கொண்டாவது பாஸாக வேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் மேலே சொல்லி வைத்திருந்தார்கள். ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கரட்டுப்பட்டியும் நடுவலூரும் ஒட்டியிருக்கவில்லை, காகிதத்தில் யாரோ ஒட்டிவிட்டார்கள், காகிதத்தில் ஒட்டிய பிறகு தரையில் தள்ளி நிற்பது மரியாதை இல்லை என்று அந்த ஊர்களே நினைத்திருக்க வேண்டும். வந்துவிட்டன.

நடுவில் கிடந்த நிலமெல்லாம் எங்கே போனது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கும் போகவில்லை. சேலைக் கொசுவம் போல மடிந்து, பஸ் ஸ்டாண்டுச் சுவருக்கும் கரட்டுப்பட்டியின் முதல் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்தாக நின்றது. அந்தச் சந்தில் உடம்பை ஒருக்களித்து நுழைந்தால் உள்ளே பழையபடி கரிசல் காடும் பருத்தியும் வேலிக்கருவையும் அதற்குரிய வானமும் விரிந்து கிடக்கும். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்களை மட்டும்தான் சந்து உள்ளே விட்டது, மற்றவர்களுக்குத் தோள் இடித்தது, தொந்தி வைத்த சம்சாரிகளுக்குப் பட்டா இருந்தும் இடித்தது, அவர்கள் பேசாமல் நிலத்தை, உள்ளே சொந்தப் பட்டா வைத்திருந்த ஒல்லியான பங்காளிகளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள்.

மற்றபடி எல்லாம் தானாகச் சரியாயிற்று. ஒரு கல்யாணத்தில் அப்பளம் பரிமாறாமல் விட்டதற்காகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருந்த கரட்டுப்பட்டியும் நடுவலூரும் இப்போது ஒரே சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆகிவிட்டதால், சுவருக்கு இந்தப் பக்கம் அரைத்த மசாலாவின் வாசத்துக்கு அந்தப் பக்கம் தும்மல் வந்து, தும்மியவரை நூறு வயசு என்று வாழ்த்தாமல் இருக்க முடியாமல், மூன்றே வாரத்தில் பேச்சு திரும்பிவிட்டது. இரண்டு ஊர் எல்லைச்சாமிகளும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றதைப் பார்த்துவிட்டு, இனி இவர்கள் யாரைக் காவல் காப்பார்கள் என்று பூசாரிகள் யோசித்து, இரண்டு சாமியையும் ஒரே கொடைத் திருவிழாவில் சேர்த்துவிட்டார்கள். மினிபஸ் கண்டக்டர் மட்டும் ஒரு மாசம் அழுதார். நான்கு ஸ்டேஜ் டிக்கெட் போட்ட இடத்தில் இப்போது விசில் ஊதுவதற்குள் ஊர் முடிந்துவிடுகிறதே என்பது அவருடைய துக்கம்.

ஒரு கட்டில் சிலது சேர்ந்தால் சிலது வெளியே விழும், கீரைக்காரிக்கே தெரியும். வெளியே விழுந்தது ஊசிமேடு.

கரட்டுப்பட்டிக்கு வடக்கே அரைமணி நேர நடையில் இருந்த ஊர் அது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சாபீசுக்கும் என்று ஆள் ஒவ்வொன்றாகக் கழன்று, கூரைகள் இறங்கி, சுவர்கள் குட்டிச்சுவராகி, கடைசியில் ஒரே ஒரு வீடும் அதில் குருவத்தாய் என்ற ஒரே ஒரு மனுஷியும் மிஞ்சினார்கள். புருஷன் பாம்பு கடித்துச் செத்தபோது அவளுக்குச் சின்ன வயசு. ஒரே மகள் முருகலட்சுமியைக் கரட்டுப்பட்டியில் காளிராஜுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள், அவன் தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஓட்டுகிறவன், தங்கமான பையன், அத்தையைத் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டான். குருவத்தாய் வரமாட்டாள். மகளைக் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து கை நனைக்கிறதாவது என்பாள். மகளைப் பார்க்க வந்தாலும் வாசலில் நின்றே பேசிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலோடு வெயிலாகத் திரும்பிவிடுவாள். அதனால் ஞாயிறு தவறாமல் முருகலட்சுமிதான் தூக்குவாளியில் குழம்போடு ஊசிமேட்டுக்கு நடப்பாள், தாயும் மகளும் பொழுது சாய்கிறவரை பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு நாள் பேச்சை வைத்துக்கொண்டு மற்ற ஆறு நாளையும் ஓட்டுகிறேன் என்று குருவத்தாய் சொல்வாளாம்.

ஊசிமேட்டுக்குக் கணக்கெடுக்கப் போனவர் எங்கள் ஆரம்பப் பள்ளி எத்திராஜ் சார். நல்ல மனுஷன், விதி என்றால் விதி. கணக்கெடுப்பில் ஒரு விதி உண்டு, சொன்னதை எழுத வேண்டும், சாட்சி கேட்கக் கூடாது, அத்தாட்சி கேட்கக் கூடாது. அவர் உச்சி வெயிலில் முள்படலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார்.

"வீட்ல யாரும் இருக்காங்களா?"

உள்ளே புளி தட்டிக்கொண்டிருந்த குருவத்தாய் சொன்னாள்:

"யாரும் இல்லங்க."

எங்கள் பக்கத்தில் இது புதுசு இல்லை. வீட்டில் ஆம்பளை இல்லாத நேரத்தில் வாசலில் யார் வந்து கேட்டாலும் பெண்கள் சொல்லுகிற பதில் அதுதான். அடுப்பில் உலை கொதிக்கும், மடியில் பிள்ளை பால் குடிக்கும், அம்மியில் ஒரு கை ஓடிக்கொண்டிருக்கும், வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். எங்கள் அம்மாமார் எல்லாரும் அப்படி வீட்டில் இல்லாமல் இருந்தேதான் எங்களை வளர்த்தார்கள். குருவத்தாய் வீட்டில் அந்த "யாரும்" போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது, பதில் மட்டும் அவள் வாயில் தங்கிவிட்டது.

"யாருமே இல்லையாம்மா?" என்று சார் மறுபடியும் கேட்டார்.

"யாருமே இல்லங்க. வெயில்ல நிக்கீகளே, தண்ணி குடிக்கீகளா?"

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்தார், செம்பைத் திருப்பிக் கொடுத்தார், நல்லா இருங்கம்மா என்றார், படலை விட்டு விலகி நின்று, ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆகவே கரட்டுப்பட்டியும் நடுவலூரும் எங்களிடம் நெருங்கி வந்த அதே காலையில், ஊசிமேடு எதிர்ப்பக்கமாக நகர்ந்து போயிருந்தது. அன்றைக்கு ஞாயிறு என்பதால் முருகலட்சுமி தூக்குவாளியோடு கிளம்பினாள். அரைமணியில் தெரியவேண்டிய ஊசிமேட்டு வேம்பு தெரியவில்லை, ஒருமணியிலும் தெரியவில்லை, பொழுது உச்சிக்கு வந்து மேற்கே இறங்கி, கரிசல் மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் குழம்பு கெட்டு வாடை அடித்தபோதுதான் அவள் அழுதுகொண்டு திரும்பினாள். அடுத்த நாள் காளிராஜ் வேனில் முழு டேங்க் டீசல் போட்டுக்கொண்டு வடக்கே விட்டான், பாதி டேங்க் தீரும்வரை போனான், மீதிப் பாதியை வைத்துக்கொண்டு திரும்பினான்.

"ரோடு சும்மா போயிக்கிட்டே இருக்கு. இருக்கிற எடத்துக்குத்தானல்லா ரோடு போய்ச் சேரும். அங்கிட்டு ஊரே இல்லேன்னு எழுதிட்டா அது எங்க போயி நிக்கும்?" என்றான்.

நாங்கள் உச்சுக் கொட்டினோம். உச்சுக் கொட்டுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. இரண்டாம் வகுப்பு நகரமாகிவிட்ட சந்தோஷத்தில் இருந்தோம், புது பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது என்று பேச்சு, ஒற்றை வீட்டு ஊர் ஒன்று தள்ளிப் போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. போதாக்குறைக்கு அந்த வார்த்தை வேறு.

தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் ஊசிமேட்டுக்கு நேரே பேச்சிராக் என்று எழுதியிருந்தது. படித்தவர்கள் அதைப் பேச்சு இராத ஊர் என்று பிரித்துப் பொருள் சொன்னார்கள்; பேச்சியம்மன் கோபித்துக்கொண்டு இராமல் போய்விட்ட ஊர் என்று சிலர் சொன்னார்கள்; எப்படியானாலும் அரசாங்கமே எழுதிவிட்டது, அந்த ஊரைப் பற்றிப் பேச்சு இருக்கக் கூடாது என்று முடிவுகட்டினோம். கண்டக்டர் அந்தப் பெயரைக் கூவுவதை விட்டார். ஊசிமேட்டில் பிறந்து எங்கள் ஊரில் கடை வைத்திருந்தவர்கள் சொந்த ஊர் எது என்று கேட்டால் தொண்டையைச் செருமினார்கள். முருகலட்சுமி எங்கம்மா என்று பேச்செடுத்தாலே பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அடுப்பில் ஏதாவது தீய ஆரம்பித்தது. தாயிடம்தான் பேச முடியவில்லை என்றால் தாயைப் பற்றியும் யாரிடமும் பேச முடியாமல் போயிற்று அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் குழம்பு வைத்து, தூக்குவாளியில் ஊற்றி, மூடி, எதிரில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் அவளே தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டாள். அங்கே கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் இபுராகிம் சார், ரிட்டயர்மென்ட் நெருங்கிய, எதற்கும் பதறாத மனுஷர்.

"பேச்சு இராத ஊருன்னு எப்படி சார் எழுதலாம்?" என்று கேட்டாள். "எங்கம்மா வாய மூடாது. ஞாயித்துக்கிழம வந்தா பேசியே என் காதைத் தின்னுரும்."

அவர் சிரிக்கவில்லை. "அது அப்படியில்லம்மா. பழைய ஜமாபந்திக் கணக்குல வர்ற வார்த்த. எங்க பாட்டன் காலத்து உருது. பே-ன்னா இல்லாதது. சிராக்-ன்னா விளக்கு. விளக்கு எரியாத ஊருன்னு அர்த்தம். விளக்கு எரிஞ்சா ஆளு இருக்கு, எரியலேன்னா இல்ல. அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் ஆவரம்பேட்டை பாதி, வடக்குக் கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூடி நின்றது. பொழுது அடைந்தது. வடக்கே, எவ்வளவு தூரம் என்று யாராலும் சொல்ல முடியாத தூரத்தில், ஒரு கடுகு அளவுக்கு மஞ்சளாக ஒரு வெளிச்சம் முளைத்தது. நட்சத்திரம் என்றார் ஒருவர். நட்சத்திரம் திரி தூண்டிவிட்ட மாதிரி ஒரு தடவை குனிந்து நிமிருமா? முருகலட்சுமி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கு ஊசிமேட்டின் பெயரைச் சொல்ல அன்றைக்குத்தான் மறுபடி வாய் வந்தது.

மறுநாள் எத்திராஜ் சாரை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அவர் சொன்னதையே சொன்னார், "நான் கேட்டேன். யாரும் இல்லேன்னு பதில் வந்துச்சு. சொன்னத எழுதணும்னு விதி."

"ஒங்க வீட்டு வாசல்ல யாராச்சும் வந்து கேட்டா ஒங்க வீட்டம்மா என்ன சார் சொல்லுவாக?" என்று முருகலட்சுமி கேட்டாள்.

சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆட்சேபணைக்கு இன்னும் கெடு இருக்கிறது என்றார் இபுராகிம் சார். ஆனால் விளக்கைப் பார்த்து எழுத முடியாது, ஆளைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். போய்க் கேட்க ரோடு இல்லை என்றால் நின்ற இடத்திலிருந்து கேட்கலாம், பதில் காதில் விழுந்தால் போதும் என்று விதிக்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பெஞ்சு போட்டார்கள். எத்திராஜ் சார் வடக்கே பார்த்து வாயருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, வேறெப்படிக் கேட்பது என்று தெரியாததால், பழைய கேள்வியையே கேட்டார்.

"வீட்ல யாரும் இருக்காங்களா?"

குரல் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் காத்திருந்தோம், சுண்டல்காரன் வந்தான், போனான், பொழுது அடைந்து விளக்கு முளைத்தது, குரல் இன்னும் அதுவரை போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று ஆளாளுக்குக் கலைந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் அதே நேரத்துக்கு, இரண்டு சாரும் முருகலட்சுமியும் மட்டும் நின்றபோது, காற்றில் நூல் மாதிரி மெலிந்து ஒரு பதில் வந்து விழுந்தது.

"யாரும் இல்லங்க."

இபுராகிம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னம்மா செய்ய? சொன்னத எழுதணும்."

"யாரும் இல்லேன்னு சொல்லுறது யாரு சார்?" என்றாள் முருகலட்சுமி.

"அது சரி. ஆனா அந்தக் கேள்விக்கு எனக்குக் கட்டம் இல்லையேம்மா."

"அப்ப நான் கேக்கேன்."

அவள் தொட்டித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன கேட்பது என்று அவளுக்கும் உடனே தெரியவில்லை. அம்மா என்று கூப்பிடத்தான் வாய் திறந்தாள். ஆனால் அதற்கு வருகிற பதிலை எழுத முடியாது, யார் என்று கேட்டால்தான் எழுத முடியும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தன் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறபோது அடுப்படியிலிருந்து கேட்கிற அதே குரலில், அதே நீட்டலோடு கேட்டாள்.

"யாரது?"

இதற்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான். ராஜாவாக இருந்தாலும் பால்காரனாக இருந்தாலும், கதவுக்கு வெளியே நிற்கிறவர் பெயரைச் சொல்லமாட்டார். மறுநாள் அந்திக்கு அது வந்தது, இந்தத் தடவை நூல் மாதிரி இல்லை, திடமாக, கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி.

"நான்தான் தாயி."

கூட்டமாகக் கூடியிருந்தோம். யாரும் கைதட்டவில்லை, பெண்கள் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எத்திராஜ் சார் பெயர் என்ற கட்டத்தில் நான் என்று எழுதப் போய், பிறகு நிறுத்தி, முருகலட்சுமியிடம் பெயரைக் கேட்டு குருவத்தாய் என்று எழுதினார். ஊசிமேடு, ஆட்கள் ஒன்று. ஐயாயிரமும் இல்லை நெருக்கமும் இல்லை, கிராமம் என்றுதான் எழுதியாக வேண்டும், ஆனால் பெரிய ஊரின் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கிற இடங்களுக்குப் புறவளர்ச்சி என்று ஒரு பெயர் இருக்கிறது, அதில் சேர்த்துவிடலாம் என்றார் இபுராகிம் சார். பட்டியலைத் திருத்தி ஒட்டிய அன்று முருகலட்சுமி வீட்டுக்குப் போய், நாளைக்கு வரப்போகிற அம்மாவுக்காக, அம்மா கை நனைக்கமாட்டாள் என்று தெரிந்தும் அரிசி ஊறப்போட்டாள். இனி அம்மா மகள் வீட்டில் உட்கார வேண்டியதே இல்லை, அம்மாவின் வீடே கூப்பிடு தூரத்தில் வந்து நிற்கப்போகிறது என்று காளிராஜிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம்.

திருத்தின பட்டியல் ஒட்டிய மறுநாள் காலையில் ஊசிமேடு தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வந்து நின்றது. ஒரு வேம்பு, வரிசையாகக் குட்டிச்சுவர்கள், ஒரு முள்படல், ஒரு வீடு. ஆட்டுக்கிடையில் இரண்டு ஆடுகள், கழுத்தில் கயிறில்லாமல். முருகலட்சுமி படலைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கதவு திறந்திருந்தது. மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, திரி நீளமாக, எண்ணெய் பாதிக்கு இறங்கி. பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. கொடியில் கட்டம் போட்ட நல்ல சேலையைக் காணோம், மூலையில் செருப்பைக் காணோம்.

"எம்மா" என்றாள் அவள். வீட்டில் யாரும் இல்லை.

எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் விளங்கியது எத்திராஜ் சாரின் சம்சாரத்துக்குத்தான்.

"யாரதுன்னுல்ல கேட்டிருக்கா," என்றாள் அந்தம்மா. "யாரதுன்னு வீட்டுக்கு உள்ள இருக்கிறவக வெளிய நிக்கிறவகளப் பாத்துக் கேக்கிற கேள்வி. மக தன் வீட்டு உள்ள இருந்து கேக்கான்னா, தான் வெளிய வந்து நிக்கிறதாத்தான அர்த்தம்? இத்தன வருஷமா வராத மனுஷி, கதவுக்குள்ள இருந்து மகளே கேட்டுட்டாளேன்னு, சேலைய மாத்திக்கிட்டுக் கெளம்பியிருக்கும்."

அதுதான் நடந்திருந்தது. விளக்கு அணையக் கூடாது என்று எண்ணெய் நிரப்பிவிட்டு, ஆடுகளை அவிழ்த்துவிட்டு, மகள் வீட்டு வாசலுக்கு என்று குருவத்தாய் நடக்க ஆரம்பித்திருந்தாள். நான்தான் தாயி என்ற பதில் ரோட்டில் நடந்துகொண்டே சொன்ன பதில், அதனால்தான் மூச்சு வாங்கியது. அவள் அந்த முடிவில்லாத கரிசலில் நடந்துகொண்டிருந்தபோதே நாங்கள் இங்கே ஊசிமேட்டை இழுத்து ஒட்டிவிட்டோம். நடுவில் கிடந்த நிலம் மடிந்துவிட்டது. தொட்டிச் சுவருக்கும் வேம்புக்கும் நடுவே புதுசாக ஒரு சந்து நின்றது.

முருகலட்சுமி ஒருக்களித்து நுழைந்து பார்த்தாள். தோள் இடித்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி நுழைந்தாள், இடித்தது, தோளில் ரத்தம் கட்டிக் கன்றிப்போகும்வரை நுழைந்தாள். அந்தப் பக்கத்தில் குருவத்தாய்க்கு ஒரு துண்டு மானாவாரி நிலம் இருந்தது, பட்டா அவள் பெயரில். தாலுகா ஆபீசில் வழி சொன்னார்கள், எளிமையான வழிதான். தாயார் இறந்துவிட்டதாக ஒரு சான்று, வாரிசு என்று ஒரு சான்று, இரண்டும் இருந்தால் பட்டா முருகலட்சுமி பெயருக்கு மாறும், மாறினால் சந்து விட்டுவிடும், உள்ளே போய்த் தேடிக்கொள்ளலாம்.

"செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு உள்ள போனா, அங்க உசுரோட நடந்துக்கிட்டிருக்கிற எங்கம்மா என்ன ஆவும் சார்?" என்று அவள் கேட்டாள்.

இபுராகிம் சார் படிவத்தை மடித்து உள்ளே வைத்தார். எழுதினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள் எல்லாரும்.

அவள் எழுதிக் கொடுக்கவில்லை. வேலைக்குப் போனாள், காளிராஜுக்குச் சோறு போட்டாள், பொழுது அடைகிற நேரத்தில் ஊசிமேட்டு வீட்டுக்கு வந்து விளக்கேற்றினாள். முதலில் ஏற்றிவிட்டுப் போவாள், பிறகு அங்கேயே படுக்க ஆரம்பித்தாள், அம்மா வந்து கதவைத் தட்டும்போது யாரதென்று கேட்க ஆள் வேண்டாமா என்பாள். காளிராஜ் கொஞ்ச நாள் சடைத்துக்கொண்டான், அப்புறம் அவனே எண்ணெய் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தான். அந்தச் சந்துக்குள் நிலம் உள்ள ஒல்லிச் சம்சாரிகள் எப்போதாவது சேதி கொண்டுவருவார்கள். பருத்திக் காட்டு ஓரத்தில் செருப்புத் தடம் பார்த்தோம் என்பார்கள். ஓடைக்கரையில் கட்டம் போட்ட சேலை தெரிந்தது, கூப்பிட்டோம், இந்தா வந்துட்டேன்னு சொல்லச் சொன்னாக என்பார்கள். எங்கள் ஊரில் இந்தா வந்துட்டேன் என்று சொல்லுகிறவர் இன்னும் கிளம்பியிருக்கமாட்டார், அல்லது பாதி வழியில் இருப்பார், கிட்டத்தில் இருக்கமாட்டார். அது முருகலட்சுமிக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சேதி வந்த நாளில் கூடுதலாக ஒரு படி அரிசி வைப்பாள்.

எங்கள் ஊர் பெரிதாயிற்று. புது பஸ் ஸ்டாண்டு வந்தது, பழைய பஸ் ஸ்டாண்டு காய்கறி மார்க்கெட் ஆனது. கரட்டுப்பட்டிக்காரர்கள் தாங்கள்தான் ஆதி ஆவரம்பேட்டைக்காரர்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், அவர்கள் குணம் அப்படி. இத்தனை ஊர் இத்தனை நெருக்கமாக வந்தும், சாயங்காலத்தில் தொட்டிப் பக்கம் போனால் அந்த ஒற்றை வீட்டைச் சுற்றி மட்டும் வெறிச்சென்று இருக்கும், வேகமாகக் கடந்துவிடுவோம்.

பத்து வருஷம் கழித்து மறுபடி தலை எண்ண வந்தார்கள். ஊசிமேட்டுக்கு வந்தவள் புது டீச்சர், வெளியூர்ப் பெண், இந்தக் கதை எதுவும் தெரியாது. முள்படலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள்.

"வீட்ல யாரும் இருக்காங்களா?"

முருகலட்சுமி நிலைப்படிக்கு வந்து நின்றாள். தலையில் அங்கங்கே நரை விழுந்திருந்தது.

"ரெண்டு பேரு இருக்கோம்."

டீச்சர் எட்டிப் பார்த்தாள். பகலிலும் எரிகிற ஒரு விளக்கு, கழுவிக் கவிழ்த்த பானை, வாசலைப் பார்த்துப் போட்ட ஒரு பாய்.

"ஒருத்தங்களத்தான பாக்கிறேன். இன்னொருத்தங்க யாரு?"

"எங்கம்மா. குருவத்தாய்."

"எங்க இருக்காங்க?"

"வந்துக்கிட்டு இருக்காக."

டீச்சர் பேனா மூடியைத் திறந்தாள். சொன்னதை எழுத வேண்டும், சாட்சி கேட்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் நிறைய வீடுகள் பாக்கி இருந்தன. முருகலட்சுமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டீச்சர் அண்ணாந்து குடித்துவிட்டு, இரண்டு என்று எழுதினாள்.